இடது கை பிரேக்

2023 மே 9, செவ்வாய்

எழில் வந்து ஐந்து நாளாகிறது. நேர மாற்றம் இன்னும் உடம்புக்குப் பழகவில்லை. எல்லாருக்கும் முன்னால் எழுந்து வீட்டுப் பாத்திரம் முழுக்கத் துலக்கி வைக்கிறாள். "இந்த நாத்தனாரை நான் திருப்பி அனுப்பறதா இல்ல," என்கிறாள் புவனா.

என் தங்கைக்கு நாற்பது ஆகிவிட்டது. பதினைந்து வருடமாக ஜோலார்பேட்டையில் சரக்கு ரயில் ஓட்டுகிறாள். ஓய்வு நாளில் ஏலகிரி மலையில் சைக்கிள் ஓட்டுகிறாள். இந்த ஊருக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: நான் போனில் அடிக்கடி சொல்லும் அந்த மஞ்சள் அம்புக்குறிப் பாதையில் போக வேண்டும்.

பாதை எங்கள் இயற்கைப் பூங்காவைச் சுற்றி வருகிறது. மொத்தம் 84 கிலோமீட்டர். முதல் 22 காடு. அடுத்த 9 ஹைடே. அதன் பிறகு செங்குத்தாக இறங்கி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஹைடே என்று ஜெர்மன்காரர்கள் சொல்வது மரமில்லாத மணல்வெளி. முழங்கால் உயரத்துக்கு ஒரே வகைக் குத்துச்செடி. ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும். இப்போது பழைய துடைப்பம் போல இருக்கிறது.

சனிக்கிழமை கிளம்புகிறோம். அதற்குள் செய்ய வேண்டியது: டயர், செயின், புவனாவின் சைக்கிளில் பிரேக் பக்கம் மாற்றுவது. எழில் அந்தச் சைக்கிளில்தான் வரப்போகிறாள். இங்கே முன்சக்கர பிரேக் இடது கையில் வரும். நம் ஊரில் வலது கையில். இத்தனை வருடம் வலது கையில் பிடித்த பழக்கத்தை ஒரு நாளில் மாற்ற முடியாது. அவசரத்தில் கை பழைய பக்கத்துக்குத்தான் போகும். பின்பிரேக் என்று இடதை அழுத்தி முன்சக்கரம் திடீரென நின்றால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்க வேண்டியதுதான். பிரேக் எண்ணெய்க் குழாய்களைக் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்ட வேண்டும். பிறகு காற்றுக் குமிழி போகப் புது எண்ணெய் விட வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை.

சாப்பிடும்போது எழில் தன் தொழிலைப் பற்றிச் சொன்னாள். ரயில் கிளம்பிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஒரு தடவை பிரேக் போட்டுப் பார்ப்பார்களாம். ஃபீல் டெஸ்ட் என்று பெயர். "பெட்டியெல்லாம் நல்லா இருக்குன்னு பத்து பேரு கையெழுத்து போட்டுக் குடுத்தாலும் நாங்க ஒரு தடவை போட்டுப் பாத்துடுவோம்."

"அவ்வளவு சந்தேகமா?" என்றாள் புவனா.

"சந்தேகம் இல்ல அண்ணி. நாலாயிரம் டன்னு."

2023 மே 11, வியாழன்

டயர் காற்று பார்த்தேன். செயினைக் கழுவி எண்ணெய் விட்டேன். பிரேக் நாளைக்கு. மழை.

2023 மே 12, வெள்ளி

அலுவலகத்தில் ஒரு அளவுக் கருவி சரியாகக் காட்டவில்லை. அதைத் திருத்தி முடிக்க ஆறு மணி. வீட்டுக்கு வந்தால் தமிழ்ச் சங்கத்திலிருந்து இரண்டு குடும்பம். ரயில் ஓட்டும் அத்தையைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எழில் நாற்காலியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக் காட்டினாள். சாப்பிட்டுப் போக ஒன்பது ஆனது.

பை அடுக்கிக்கொண்டே எழில் கேட்டாள்: "பிரேக் மாத்திட்டியாண்ணா?"

"ஆச்சு," என்றேன்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறரைக்குள் முடித்துவிடலாம்.

2023 மே 13, சனி

எழில் விழுந்துவிட்டாள். 31ஆவது கிலோமீட்டர். இடது காறை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை.

2023 மே 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். காப்பீட்டுக்காரர்கள் கேட்கலாம்.

நான் எழுந்தது ஆறேகால். எழில் அதற்குள் இட்லியைக் கட்டி, தண்ணீர் நிரப்பி, காலணி போட்டுத் தயாராக இருந்தாள். 7:10க்குக் கிளம்பினோம். வாசலில் அவள் சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றப் போனாள். எல்லாம் பார்த்தாயிற்று, நேரமாகிறது என்றேன். ஏறிக்கொண்டாள்.

காட்டுப் பாதை பெரும்பாலும் சமம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடித்தாலே போதும். பீச் மரங்களில் புது இலை வந்திருந்தது. எழில் இரண்டு இடத்தில் நின்று படம் எடுத்தாள். ஹைடேயில் மணல். அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை, மிதிப்பதுதான் பாடு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். 10:50க்கு அங்கிருந்து எழுந்தோம்.

ஹைடே முடிகிற இடத்தில் இறக்கம் தொடங்குகிறது. நூறு மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர் தாழ்கிறது. வியாழக்கிழமை மழையின் ஈரம். நடுவில் ஒரு பீச் மரத்தின் வேர் குறுக்கே படி போல ஓடுகிறது. படியின் உயரம் சுமார் 35 சென்டிமீட்டர். எழில் முன்னால், நான் பதினைந்து மீட்டர் பின்னால், சற்று வலப்பக்கமாக. வேரைக் கண்டதும் அவள் உடம்பைப் பின்னால் தள்ளினாள். அது சரியான முறை. இடது கையின் இரண்டு விரல்கள் லீவரை அழுத்தின. வலது கை விரல்கள் ஹேண்டில்பாரைச் சுற்றியே இருந்தன. அதைப் பார்த்தேன். முன்சக்கரம் நின்றது. பின்சக்கரம் மேலே எழுந்தது.

ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம். அதுவரை அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பின்பிரேக்குதாண்ணா புடிச்சேன்." பேசாமல் படுத்திரு என்றேன்.

2023 மே 20, சனி

சிவகடாட்சம் அண்ணனின் சைக்கிள் கடையில் இரண்டு பித்தளை வளையமும் ஒரு புட்டி பிரேக் எண்ணெயும் வாங்கினேன். குழாயைக் கழற்றி மாட்டினால் வளையம் புதிதாகப் போட வேண்டும். வளைந்திருந்த முன்சக்கரத்தை நிமிர்த்தினேன். ஒத்திவைத்திருந்த மற்ற வேலையையும் முடித்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. எழில் மாடியில் தூங்கினாள். புவனா வேலைக்குப் போயிருந்தாள்.

2023 ஜூன் 4, ஞாயிறு

எழிலை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். நேற்று சிவகடாட்சம் அண்ணன் கடைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு சைக்கிள் மணியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்.

2023 ஜூன் 11, ஞாயிறு

புவனா தன் சைக்கிளில் ரொட்டி வாங்கப் போய்த் திரும்பினாள். "ஏங்க, பிரேக் பக்கம் மாறி இருக்கே. பேக்கரி வாசல்ல கெழவன் மேல ஏத்தப் பாத்தேன்."

எழிலுக்காக மாற்றியது என்றேன். அது உண்மை. பழையபடி மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அவள் ரொட்டியை அறுக்கத் தொடங்கினாள்.

2023 செப்டம்பர் 17, ஞாயிறு

எழில் போன். மருத்துவச் சோதனையில் தேறிவிட்டாள். கையில் பிடி வந்துவிட்டது. ஆனாலும் எஞ்சினில் ஏற மாட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்போது ஓட்டுநர்களுக்கு வண்டி ஒதுக்கும் அறையில் வேலை.

ஏன் என்றேன். அவள் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன்.

"இடதுதான் அமுக்கினேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இடதுன்னா பின்சக்கரம். ஆனா நின்னது முன்சக்கரம். அப்போ கை வலதை அமுக்கி இருக்கு, மனசு இடதுன்னு சொல்லுது. கை செய்யறது மனசுக்குத் தெரியலன்னா எஞ்சின்ல உக்காரக் கூடாதுண்ணா. பின்னாடி ஐம்பத்தெட்டு பெட்டி நிக்குது. பச்சூர் இறக்கத்துல இந்த மாதிரி ஒன்னு பண்ணினா?"

அவள் அழுது நான் கேட்டது அப்பா போனபோதுதான். இன்று கேட்டேன்.

ஓய்வெடு, சரியாகிவிடும் என்றேன்.

மாலையில் தோட்டத்துச் செடிகளை வெட்டினேன்.

2023 நவம்பர் 25, சனி

முதல் பனி. ஆறு மாதமாக நான் சைக்கிளைத் தொடவில்லை.

2024 ஜனவரி 15, திங்கள்

பொங்கல். புவனா பாலைப் பொங்க விட்டு அடுப்பைக் கெடுத்தாள். எழில் வீடியோவில் வந்தாள். கரும்பைக் கடித்துக்கொண்டே பேசினாள்.

வண்டி ஒதுக்கும் அறையில் அவளை இருக்க விட்டிருப்பது தற்காலிகமாகத்தான். ஜூன் 30க்குள் முடிவு சொல்ல வேண்டும். நிரந்தரமாக அங்கேயே என்று கையெழுத்துப் போட்டால் மறுபடி எஞ்சின் கிடையாது. "முன்னாடியெல்லாம் கையெழுத்துக்குக் கீழ லோகோ பைலட்னு போடுவேன். இப்ப வெறும் பேருதான். பேனா மிச்சம்," என்று சிரித்தாள்.

பிறகு சொன்னாள்: "மே மாசம் லீவு போட்டுட்டேண்ணா. அந்தப் பாதையை முடிக்கணும்."

"அந்த இறக்கத்துல இறங்கிட்டா எஞ்சினுக்குப் போயிடுவியா?" என்று புவனா கேட்டாள்.

"இல்ல அண்ணி. இறங்கினாலும் அந்தக் கைமேல நம்பிக்கை வராது. இது வீம்பு. பாதியில விட்டது ஒன்னும் என் கணக்குல இருக்கக் கூடாது."

போனை வைத்ததும் புவனா என்னைப் பார்த்தாள். "அந்தக் குழாயை நீங்க எப்போ மாத்தினீங்க?"

வாசலில் பனி சேர்ந்திருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது நிமிடம் தள்ளினேன். பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து.

2024 மார்ச் 9, சனி

புது செயின் வாங்கப் போனேன். சிவகடாட்சம் அண்ணன் யாழ்ப்பாணத்து வேலணைக்காரர், இங்கே வந்து முப்பத்தெட்டு வருடம். கடையில் வேறு யாரும் இல்லை. ஒரு சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி திரும்ப வாறாவாம், உண்மையோ?"

"ஆமாண்ணே."

"போன முறை வெளிக்கிடேக்க என்னட்ட வந்தவா. அண்ணா பிரேக்கெல்லாம் முதலே மாத்தித் தந்தவர், பிழை என்ர கையிலதான் எண்டு சொன்னவா."

நான் செயின் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன்.

"தம்பி, நீங்கள் என்னட்ட வளையம் வாங்கினது அவா விழுந்து ஒரு கிழமைக்குப் பிறகு. நான் ஒண்டும் கேக்கேல்ல. இந்தச் செயின் பதினொரு கியருக்கு. உங்கட பன்னிரண்டு. மற்றதை எடுங்கோ."

மற்றதை எடுத்தேன்.

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

எழில் வந்தாள். விமான நிலையத்திலிருந்து வீடு வரை ஒரு மணி பத்து நிமிடம். காரில் நாங்கள் இருவர் மட்டும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். அவள் வழி முழுக்கத் தூங்கினாள்.

பெட்டியில் புவனாவுக்குப் புடவை, எனக்கு ஆம்பூர் செருப்பு, தனக்கென்று முழங்கைக் கவசம்.

2024 மே 4, சனி

வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் பயிற்சி. எழில் நாற்பது தடவை இறங்கினாள். நான் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் வலது லீவரைப் பார்த்து "முன்னாடி" என்றும் இடதைப் பார்த்து "பின்னாடி" என்றும் சத்தமாகச் சொன்னாள். நாயோடு போன ஒரு பெண்மணி நின்று பார்த்தார்.

"ஏன் சொல்லிக்கறே?" என்றேன்.

"கையை நம்ப முடியலன்னா வாயால சொல்லணும்ணா. சிக்னலைப் பாத்தா நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

இடது லீவரில் ஒரே ஒரு விரலைத்தான் வைக்கிறாள்.

2024 மே 8, புதன்

புவனா: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் சொல்கிறேன் என்றேன்.

"எப்போ?"

"அந்த எடத்துக்கு முன்னாடி."

"அந்த எடத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றாள்.

2024 மே 10, வெள்ளி

முதல் 22 கிலோமீட்டர் முடிந்தது. 9:05க்குக் கிளம்பி 12:40க்கு வந்தோம். இந்த முறை எழில் விருப்பப்படி மூன்று நாளாகப் பிரித்திருக்கிறோம். இறக்கத்துக்குக் களைப்பில்லாமல் போக வேண்டும் என்கிறாள்.

வீட்டு வாசலிலிருந்து முப்பது மீட்டர் போனதும் அவள் பிரேக் போட்டு நின்றாள். முதலில் வலது. பிறகு இடது. தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

காட்டில் ஒரு மரம் பாதையின் குறுக்கே விழுந்திருந்தது. சைக்கிள்களைத் தூக்கிக் கடத்தினோம். "தண்டவாளத்துல மரம் விழுந்தா பாதி நாள் போயிடும். இங்க பாரு, ரெண்டு நிமிஷம்," என்றாள். ஓர் ஓடையில் காலை நனைத்தாள். தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்ததில் ஊர் வசையொன்று வந்தது. அதை எழுதவில்லை.

விடுதி ஹைடேயின் ஓரத்தில். மாலை ஐந்து மணிக்கு இருவரும் வாசலில் காப்பி குடித்தோம். சொல்ல ஆரம்பித்தேன். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நிரந்தரமாக வண்டி ஒதுக்கும் அறைக்கே மாற்றக் கேட்கும் விண்ணப்பம். நிரப்பியாயிற்று, கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஊருக்குப் போனதும் குடுத்துடுவேன். எழுத்துப் பிழை இருக்கான்னு பாரேன்."

பார்த்தேன். பிழை இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

நாளைக்கு.

2024 மே 11, சனி

ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி 2:10. எழில் எதிரே பாறையில் காலை நீட்டி ரொட்டி தின்கிறாள்.

ஹைடேயில் ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. மணல் உலர்ந்திருந்தது. ஓர் இடையர் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். முந்நூறு ஆடாவது இருக்கும். அவை கடக்கும்வரை நின்றோம். "கடைசிப் பெட்டி போயிடுச்சு, லைன் கிளியர்," என்றாள் எழில்.

11:20க்கு அதே பெஞ்ச். அங்கிருந்து இறக்கத்தின் வாய் தெரியும்.

"எழிலு, ஒன்னு சொல்லணும்."

"இன்னாண்ணா, தண்ணி தீந்துடுச்சா?"

"அன்னைக்கு நான் பிரேக் மாத்தல."

"என்னைக்கு?"

"போன வருஷம். வெள்ளிக்கிழமை நீ கேட்ட. ஆச்சுன்னேன். ஆகல. காலையில செய்யலாம்னு படுத்தேன். எழுந்திரிக்கல."

அவள் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள்.

"நான் ஊருக்குப் போறப்போ வண்டியைப் பாத்தேனே. வலதுதான் முன்னாடி இருந்துச்சு."

"இருபதாந்தேதி மாத்தினேன். நீ மாடியில தூங்கிட்டிருந்த."

"அப்போ அன்னைக்கு இடது?"

"முன்சக்கரம்."

தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் தகடு வைத்த தழும்பு. வேறு யாருடைய கையோ போல அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ பின்னாடிதானே வந்த. பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு விரலும் இடதுலதான் இருந்துச்சு. வலது கை லீவருக்கே போகல."

"யோசிச்சுச் சொல்லு. என்னைத் தேத்தறதுக்குச் சொல்லாத."

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து 2023 மே 14ஐத் திறந்து கொடுத்தேன். படித்தாள். விரலை வரிமேல் வைத்து இன்னொரு தடவை படித்தாள்.

"மறுநாளே எழுதி இருக்க."

"ஆமா."

"இதை எழுதி வெச்சுக்கிட்டுதான் செப்டம்பர்ல நான் அழுதப்போ, ரெஸ்ட் எடு சரியாயிடும்னு சொன்ன."

நான் பெஞ்சில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"புவனா கண்டுபுடிச்சுட்டா. சிவகடாட்சம் அண்ணனுக்கு சந்தேகம்."

"அப்போ எல்லாருக்கும் தெரியும். ஓட்டினவளுக்குத்தான் தெரியல."

எழுந்து மணலில் நடக்கத் தொடங்கினாள். மந்தை போன திசையில் வெகுதூரம் போனாள். சிவப்பு ஹெல்மெட் மட்டும் செடிகளுக்கு மேலே தெரிந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"என் தப்பு ஒன்னு இருக்கு," என்றாள். "கிளம்பினதும் ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கணும். எஞ்சின்ல யார் சொல்லி இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அண்ணன் சொன்னான்னு விட்டேன்."

"அதுவும் என் தப்புதான். நான்தான் நேரமாச்சுன்னேன்."

"அது என்னுது. அதையும் நீ எடுத்துக்காத." நோட்டை என் பக்கம் தள்ளினாள். "எங்க எடத்துல ஏதாவது ஆச்சுன்னா, அவங்கவங்க கையால எழுதிக் கையெழுத்து போடணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் எழுத மாட்டாங்க. எழுது. வருத்தம் கிருத்தம்லாம் வேணாம். நடந்தது மட்டும்."

எழுதினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் எடுத்து எழுதுகிறேன்:

"2023 மே 12 அன்று எழிலரசி கேட்டபோது பிரேக் பக்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னேன். மாற்றவில்லை. மே 13 காலை அவள் சோதிக்கப் போனபோது தடுத்தேன். அவள் இடது லீவரை அழுத்தியதை நேரில் பார்த்தேன். அவள் கணக்குப்படி அது சரியான லீவர். மே 20 அன்று யாருக்கும் சொல்லாமல் குழாய்களை மாற்றினேன். ஒரு வருடம் மறைத்தேன். இளவழகன், 11-5-2024, பகல் 12:15."

வாங்கிப் படித்தாள். 'யாருக்கும் சொல்லாமல்' என்பதன் கீழ் நகத்தால் கோடு இழுத்தாள். பையைத் திறந்து அந்த விண்ணப்பத் தாளை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். அதை எட்டாக மடித்தாள். மதியத்துக்கு வைத்திருந்த தக்காளி கசிந்து பையின் அடி நனைந்திருந்தது. தாளால் அதைத் துடைத்தாள்.

"உன் சைக்கிளைக் குடு."

என் சைக்கிள் இந்த ஊர் முறை. இடது முன்சக்கரம், வலது பின்சக்கரம். போன வருடம் அவள் விழுந்த சைக்கிள் அன்று எப்படி இருந்ததோ அப்படி.

"எதுக்கு?"

"அன்னைக்கு என் கைல என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கணும்."

இருக்கையை நான்கு சென்டிமீட்டர் இறக்கினாள். சமதரையில் வேகம் எடுத்து இடது லீவரைப் பிடித்தாள். பின்சக்கரம் ஒரு சாண் எழும்பி விழுந்தது. திரும்பி வந்து மறுபடி செய்தாள். மூன்றாவது தடவை வலது லீவர். பின்சக்கரம் மணலில் ஒரு கோடு கீறி நின்றது. "முன்னாடி," என்று இடதைப் பார்த்துச் சொன்னாள். "பின்னாடி," என்று வலதைப் பார்த்து.

நான் அவளுடைய சைக்கிளில் ஏறப் போனேன்.

"நீ அதுல ஏறாத. உனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்ல. தள்ளிட்டு வா."

அவள் முதலில் போனாள். இறக்கத்தின் வாயில் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, உடம்பைப் பின்னால் தள்ளி, உள்ளே போனாள். பீச் மரத்தடியில் வேர் அப்படியே இருந்தது. முன்சக்கரம் படியிலிருந்து இறங்கியது. பின்சக்கரமும் இறங்கியது. எந்தக் கை எந்த லீவரில் இருந்தது என்று இந்த முறை எனக்குத் தெரியவில்லை. நான் மேலே, இரண்டு கையாலும் அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வழுக்காமல் காலூன்ற இடம் தேடிக்கொண்டிருந்தேன். கீழே எங்கோ மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ரயில் ஹாரன் கேட்டது. வாயால் அடித்தது. நீளமாக ஒன்று.

நான் இறங்கிச் சேர இருபது நிமிடம் ஆனது. இடையில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவள் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். என்னோடு பேசுவாளா, எப்போது பேசுவாள் என்று தெரியாது. கேட்கவில்லை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது.

இப்போது நோட்டைக் கேட்கிறாள்.

11-5-24. 14.30 மணி. ஓட்டிய சைக்கிள் அண்ணனுடையது. இடது லீவர் முன்சக்கரம், வலது லீவர் பின்சக்கரம். மேலே மூன்று முறை நானே சோதித்தேன். 31ஆவது கி.மீ. வேர்ப்படியில் வலது லீவர் பிடித்தேன். கை சொன்னபடி கேட்டது. மீதி 53 கி.மீ. இதே சைக்கிளில்.

ம. எழிலரசி
லோகோ பைலட் (சரக்கு), ஜோலார்பேட்டை